ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே எந்த ஒயர்?

கேள்வி: கோவையில் துணிக்கடை போடுகிறேன். இரண்டாயிரம் சதுர அடி, முழுக்க ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங். எலக்ட்ரீஷியன் "எஃப்.ஆர். ஒயரே போதும் சார், பி.வி.சி. பைப்பில் இழுத்துவிடலாம், மேலே யார் ஏறிப் பார்க்கப் போகிறார்கள்" என்கிறார். இன்டீரியர்காரர் எஃப்.ஆர்.எல்.எஸ்.எச். கேட்கிறார். ஒயர் கடையில் எச்.எஃப்.எஃப்.ஆர். என்று மூன்றாவது ஒன்றைக் காட்டுகிறார்கள். எதை வாங்குவது?

பதில்: யாரும் ஏறிப் பார்க்கப் போவதில்லை, அதனால்தான் அங்கே நல்ல ஒயர் வேண்டும். சுவரில் ஸ்விட்ச் கருகினால் அஞ்சு நிமிஷத்தில் வாடை வந்து யாராவது கத்துவார்கள். ஜிப்சம் போர்டுக்கு மேலே ஒரு ஜாயின்ட் சூடாகி உருகிக்கொண்டிருந்தால், புகை கடை முழுக்கப் பரவிய பிறகுதான் தெரியும்.

எஃப்.ஆர்., அதாவது ஃபிளேம் ரிட்டார்டன்ட், என்றால் தீ ஒயர் வழியாக ஓடாது, அவ்வளவுதான். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம்; எஃப்.ஆர். ஒயரின் மேலுறை தொடர்ந்து எரிய குறைந்தது 29 சதவீதம் தேவைப்பட வேண்டும் என்பது சோதனை. அதனால் தீயை எடுத்துவிட்டால் அணைந்துவிடும். ஆனால் பக்கத்தில் துணி எரிகிறது, அந்தச் சூட்டில் ஒயர் வெந்துகொண்டே இருக்கிறது என்றால் எவ்வளவு புகை விடும் என்பதற்கு எஃப்.ஆர். என்ற இரண்டெழுத்தில் எந்த உத்தரவாதமும் இல்லை.

பி.வி.சி. பிசினின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது கண்ணிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தைத் தொட்டதும் அமிலம். கறுப்புப் புகையில் வாசல் தெரியாது, கண்ணையும் திறக்க முடியாது. எஃப்.ஆர்.எல்.எஸ்.எச்., அதாவது புகையும் இந்த வாயுவும் குறைவாக விடும் எஃப்.ஆர். ஒயரில், இதற்கு ஒரு வரம்பு உண்டு: ஐ.எஸ். 694 என்ற இந்தியத் தரப்படி அந்த வாயு எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, புகை ஒளியை 60 சதவீதத்துக்கு மேல் மறைக்கக் கூடாது. எச்.எஃப்.எஃப்.ஆர். ஒயரில் குளோரின் வகையறாவே, அதாவது ஹாலஜனே, கிடையாது. அதற்குத் தனித் தரம், ஐ.எஸ். 17048, 2018-இல் வந்தது.

1996 ஏப்ரல் 11 அன்று ஜெர்மனியின் டுசல்டார்ஃப் விமான நிலையத்தில், முனையத்துக்கு மேலே உள்ள சாலையில் வெல்டிங் வேலை நடந்தது. அதன் பொறி கீழே சீலிங் இடைவெளிக்குள் போய், அங்கிருந்த பாலிஸ்டைரீன், அதாவது நம்ம தெர்மக்கோல் வகை, பற்றிக்கொண்டது. 17 பேர் செத்தார்கள், பெரும்பாலும் புகையால். கீழே நின்ற பலருக்குத் தலைக்கு மேல் தீ ஓடுவது தெரியவில்லை.

துணிக்கடை, தீபாவளிக் கூட்டம் என்றால் நான் எச்.எஃப்.எஃப்.ஆர். வாங்கச் சொல்வேன். பட்ஜெட் இடிக்கிறது என்றால் எஃப்.ஆர்.எல்.எஸ்.எச்., அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

பைப் விஷயத்தில் உங்கள் எலக்ட்ரீஷியன் சொல்வது சரியில்லை. தேசியக் கட்டடக் கோட்பாடு 2016, நான்காம் பகுதி, ஃபால்ஸ் சீலிங்குக்குள் போகும் ஒயர் உலோகப் பைப்பில்தான் போக வேண்டும், இன்சுலேஷன் 660 வோல்ட் தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. வோல்ட் கணக்கு பிரச்சினையில்லை, இப்போது வரும் காயில்களில் 1100 வோல்ட் என்றே அச்சிட்டு வருகிறது. பைப்பில்தான் காசு மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். விடாதீர்கள். போன வருஷம் ஒரு கடையில் டிராப் டோரைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன்: பி.வி.சி. பைப்பில் எலி கடித்த ஓட்டை, உள்ளே செம்பு பளபளவென்று தெரிகிறது, அதற்கு ஒரு சாண் தள்ளி வெறும் டேப் சுற்றிய ஜாயின்ட், டேப் பசை உருகி ஜிப்சம் போர்டில் கறுப்பாக ஒழுகியிருக்கிறது. கீழே பில் கவுன்டர்.

ஜி.ஐ. பைப் போட்டால் அதற்கு எர்த் கொடுக்க வேண்டும், அதை மறந்துவிடுகிறார்கள். அறுத்த முனை கத்தி மாதிரி இருக்கும். அரம் தேய்த்து, முனையில் புஷ் என்ற வழவழப்பான வளையம் போடாமல் ஒயரை இழுத்தால் எச்.எஃப்.எஃப்.ஆர். உறையும் கிழியத்தான் செய்யும். ஜாயின்ட் என்றால் மூடி போட்ட ஜங்ஷன் பாக்ஸுக்குள், கனெக்டரில்.

கேள்வி: சென்னை ஓ.எம்.ஆரில் எங்கள் அலுவலக வேலை நடக்கிறது. அமெரிக்கத் தலைமையகம் சீலிங்குக்குள் போகும் நெட்வொர்க் கேபிள் "சி.எம்.பி." ஆக இருக்கணும் என்கிறது. இங்கே கன்சல்டன்ட் எல்.எஸ்.இசட்.எச். என்று எழுதியிருக்கிறார். இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. எல்.எஸ்.இசட்.எச். என்றால் புகை குறைவு, ஹாலஜன் கிடையாது, அவ்வளவுதான். சி.எம்.பி. வேறு. அமெரிக்காவில் பல கட்டடங்களில் ஏசியின் திரும்பும் காற்று டக்ட் இல்லாமல் சீலிங் இடைவெளி வழியாகவே போகும். அதை பிளீனம் என்பார்கள். அங்கே ஒயர் புகைந்தால் ஏசியே அந்தப் புகையை மாடி முழுக்க விநியோகம் செய்துவிடும். அதனால் பிளீனத்துக்கென்றே வரும் சி.எம்.பி. கேபிளை 25 அடிச் சுரங்கம் மாதிரி ஒரு பெட்டியில் காற்றோட்டத்தோடு எரித்துப் பார்ப்பார்கள். தீ 5 அடிக்கு மேல் ஓடக் கூடாது, புகைக்கும் வரம்பு உண்டு. அந்தச் சோதனையில் தேற, பல சி.எம்.பி. கேபிள்களில் ஃப்ளூரின் கலந்த பிளாஸ்டிக்தான் போடுகிறார்கள். ஃப்ளூரினும் ஹாலஜன்தான்! ஆக சி.எம்.பி. என்றதும் ஹாலஜன் இல்லாதது என்று நினைத்துவிடாதீர்கள்; அதே மாதிரி எல்.எஸ்.இசட்.எச். என்றால் அந்தச் சுரங்கச் சோதனையில் தேறியது என்றும் அர்த்தமில்லை.

முதலில் உங்கள் சீலிங்கைப் பாருங்கள். ரிட்டர்ன் கிரில்லைக் கழற்றினால் மேலே டக்ட் தெரிகிறதா, வெறும் வெற்றிடமா? டக்ட் இருந்தால் உங்களுடையது பிளீனமே இல்லை, அதை எழுதி அனுப்பி எல்.எஸ்.இசட்.எச். போட அனுமதி கேளுங்கள். வெற்றிடம் என்றால் தலைமையகம் சொல்வதைச் செய்துவிடுவதே நல்லது. பவர் ஒயர் என்று வந்துவிட்டால் அமெரிக்க விதியும் அந்த இடத்தில் உலோகக் குழாய் அல்லது உலோகக் கவசம் போட்ட கேபிளைத்தான் கேட்கிறது. வீடுகளில் போடும் பிளாஸ்டிக் உறை கேபிளை உள்ளே விடாது.

கேள்வி: எமர்ஜென்சி லைட், ஃபயர் அலாரத்துக்கும் அதே எஃப்.ஆர்.எல்.எஸ்.எச். போதுமா?

பதில்: போதாது. அது குறைவாகப் புகைந்து எரியும், ஆனால் எரிந்துபோகும். எரியும்போதும் கரன்ட் போய்க்கொண்டிருக்க வேண்டிய இடத்துக்கு ஃபயர் சர்வைவல் கேபிள். மைக்கா டேப் சுற்றியிருக்கும். பி.எஸ். 6387 (பிரிட்டிஷ் தரம்) சி.டபிள்யூ.இசட். என்று கேளுங்கள், அதில் சி என்றால் 950 டிகிரி தீயில் மூன்று மணி நேரம் தாங்கும்; டபிள்யூ தீயோடு தண்ணீர், இசட் தீயோடு அடி. தனிப் பைப்பில் கொண்டுபோங்கள்.

கேள்வி: ஒரே பைப்பில் எத்தனை சர்க்யூட் இழுக்கலாம்? டூப்ளிகேட் ஒயரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இழுக்க முடிகிற வரைக்கும் இழுப்பது நம் ஊர் வழக்கம். ஒரு பைப்பில் மூன்று சர்க்யூட் போனால் ஒவ்வொன்றும் தாங்கும் கரன்ட் 70 சதவீதமாகக் குறையும். 20 ஆம்பியர் தாங்குவது 14. எம்.சி.பி.யை அதற்குத் தகுந்த மாதிரி போட வேண்டும், இல்லையென்றால் ஒயர் சூடாகிக்கொண்டே இருக்கும், எம்.சி.பி. விழாது. பைப்பின் உள்வெளியில் 40 சதவீதத்துக்கு மேல் அடைக்காதீர்கள்.

டூப்ளிகேட்டுக்கு, அட்டைப் பெட்டியை நம்பாமல் ஒயரிலேயே என்ன அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். பெட்டியில் எச்.எஃப்.எஃப்.ஆர்., ஒயரில் வெறும் எஃப்.ஆர். என்று இருந்த காயிலை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு வரும் சி.எம்./எல். என்ற உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால் எந்த கம்பெனி, எந்தப் பொருளுக்கான உரிமம் என்று வந்துவிடும்.

அப்புறம், ஜிப்சம் போர்டு அடிப்பதற்கு முந்தைய நாள் எல்.ஈ.டி. டிரைவர்களைக் கழற்றிவைத்துவிட்டு 500 வோல்ட் மெகர், அதாவது ஒயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர், போடச் சொல்லுங்கள், ஒரு மெகா ஓமுக்குக் கீழே வரக் கூடாது. பைப் எங்கெங்கே ஓடுகிறது, ஜங்ஷன் பாக்ஸ் எங்கே என்று ஒவ்வொரு மூலையிலும் போனில் படம் எடுத்து வையுங்கள், போர்டு மூடிய பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது.