பழுப்புப் பாண்டா எங்கே ஒளிந்திருக்கிறது?

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் ஆனால் பிள்ளைகள் ஃபோனோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மைன்கிராஃப்ட், கட்டம் கட்டமாக உலகம் கட்டி, மிருகம் வளர்த்து ஆடும் விளையாட்டு. மீனாட்சிபுரம், குமுளி, மறையூர், அந்தப் பக்கம் ஆந்திராவில் நகரி வரைக்கும் எங்களோடு ஒரே உலகத்தில் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். மிருகங்களை ஜோடி சேர்த்துக் குட்டி எடுப்பதில் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு. அதனால் இந்த லீவில் வந்த கேள்விகள் எல்லாம் என் தலையில் விழுந்தன.

அக்கா, ரெண்டு பாண்டாவுக்கு மூங்கில் கொடுத்துக் கொடுத்து அலுத்துப் போச்சு. பழுப்புக் குட்டி வரவே இல்ல. ஏதாவது ரகசியம் இருக்கா? (வேலந்தாவளம், எட்டாம் வகுப்புத் தம்பி)

இருக்கிறது. ஒவ்வொரு பாண்டாவுக்குள்ளும் இரண்டு மரபணு. ஒன்று முதன்மை, இன்னொன்று மறைவானது. சோம்பேறி, பயந்தாங்கொள்ளி, விளையாட்டுப் பிள்ளை, முரடு ஆகிய குணங்கள் முதன்மை இடத்தில் இருந்தாலே வெளியே தெரிந்துவிடும். பழுப்பும் நோஞ்சானும் அப்படி இல்லை. இரண்டு இடத்திலும் அதுவே இருந்தால்தான் தெரியும். ஒன்றில் மட்டும் இருந்தால், பாண்டா பழுப்பை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு கறுப்பு வெள்ளையாகவே திரியும்.

எங்கள் அப்பா ஆடு வளர்க்கிறவர். தாய்க்கும் இல்லாமல் கிடாவுக்கும் இல்லாமல் ஒரு நிறத்தில் குட்டி விழுந்தால், "பாட்டன் வந்திருக்கான்" என்பார். விஷயம் அவ்வளவுதான். தாயைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, குட்டியைப் பார்த்துத்தான் தாயைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே, முதலில் எங்காவது ஒரு பழுப்பைப் பிடி. ஜாவா பதிப்பில் (கம்ப்யூட்டரில் ஆடுவது) காட்டில் பிறக்கும் பாண்டாக்களில் 64க்கு ஒன்றுதான் பழுப்பு, அதனால் அலைய வேண்டிவரும். பிடித்ததை உனக்குச் சந்தேகம் உள்ள பாண்டாவோடு சேர்த்துப் பார். அதனுள் ஒரு பழுப்பு மரபணு இருந்தால் குட்டிகளில் பாதிக்குப் பாதி பழுப்பாகப் பிறக்கும். ஒளித்து வைத்திருக்கிற பாண்டா ஐந்து குட்டியிலும் உன்னை ஏமாற்ற 32இல் ஒரு வாய்ப்புதான். எனவே ஐந்தும் கறுப்பு வெள்ளை என்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிட இடைவெளி வேண்டும். அரை மணி நேரத்தில் ஒரு பாண்டாவின் ஜாதகமே கையில். ஒரு சின்ன எச்சரிக்கை: ஒவ்வொரு மரபணுவும் 32க்கு ஒரு தடவை தானாக மாறும். அபூர்வமாகக் கணக்கு தப்பினால் என்னைத் திட்டாதே.

இது வெறும் விளையாட்டுக் கணக்கும் இல்லை. சீனாவின் ச்சின்லிங் மலையில் நிஜமாகவே பழுப்புப் பாண்டா உண்டு. மாறிய மரபணு தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் சேர்ந்து வந்தால்தான் அந்த நிறம் என்று 2024இல் சீன ஆய்வாளர்கள் கண்டார்கள்.

எங்க பாண்டா தும்மிக்கிட்டே இருக்கு. செத்துடுமோன்னு மக அழுறா. (குமுளி, ஒரு அம்மா)

சாகாது, அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். அது நோஞ்சான் ரகம், மற்றவற்றைவிடப் பாதி உயிர்தான் அதற்கு. ஆனால் தும்மலை மட்டும் நம்பாதீர்கள், எந்தக் குட்டிப் பாண்டாவும் எப்போதாவது தும்மும். மூக்கைப் பாருங்கள். சளி ஒழுகினால் நோஞ்சான். முகமே பாதி கதையைச் சொல்லிவிடும்: புருவம் நெரித்திருந்தால் முரடு, நாக்கு வெளியே தெரிந்தால் விளையாட்டுப் பிள்ளை. நான் இதைக் கவனிக்காமல் ஒரு வாரம் நடத்தையை மட்டும் எழுதி எழுதி ஒரு நோட்டை வீணாக்கினேன். அப்புறம், தும்மும்போது எப்போதாவது பச்சைப் பிசின் உருண்டை விழும். எடுத்து வையுங்கள், தவளைக்கு ஆகும்.

மூங்கில் கொடுத்தாலும் ஜோடி சேர மாட்டேங்குது, ஒரு மாதிரி கத்துது.

கையில் மூங்கில் இருந்தால் போதாது, பக்கத்தில் வளர்ந்தும் நிற்க வேண்டும். சுற்றி ஒரு புதர் நட்டுவிடுங்கள்.

மறையூர்ல இருந்து கேக்கறேன் அக்கா. பச்சைத் தவளை வேணும். என்கிட்ட ரெண்டும் ஆரஞ்சு. பச்சை ஒண்ணு பிடிச்சுட்டு வரணுமா?

வேண்டாம். தவளைக்கு அப்பா அம்மா நிறம் கணக்கே இல்லை, தலைப்பிரட்டை எங்கே வளர்ந்து தவளையாகிறதோ அந்த இடம்தான் கணக்கு. பிசின் உருண்டை கொடுத்தால் தண்ணீர் மேல் முட்டையிடும். பொரிந்து வரும் தலைப்பிரட்டையை வாளியில் அள்ளிப் பனிப் பிரதேசத்துக்குக் கொண்டுபோனால் பச்சை. பாலைவனத்துக்குக் கொண்டுபோனால் வெள்ளை. நடுத்தரமான இடத்தில் ஆரஞ்சு. உங்கள் ஊர்க் குளிரில் விட்டால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்காதே.

நீல ஆக்சலாட்டலுக்கு எந்த ரெண்டு நிறத்தைச் சேர்க்கணும்? வெளிர் நீலம் ரெண்டையும் சேர்த்தும் வரல. (நகரி)

ஆக்சலாட்டல் (தண்ணீரிலேயே வாழும் வாலுள்ள பிராணி) விஷயத்தில் துப்பே கிடையாது தம்பி. சுத்தமான லாட்டரி. எந்த இரண்டைச் சேர்த்தாலும் 1200க்கு ஒன்று. ஒரே ஜோடியோடு உட்கார்ந்தால், ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று 1200 குட்டிக்கு நூறு மணி நேரம் ஆகும். பத்து ஜோடி வை. ஒன்று கிடைத்துவிட்டால் அப்புறம் சுலபம், அதன் குட்டிகளில் பாதி நீலமாக வரும். வெறும் மீனைக் கொடுத்தால் முகர்ந்தும் பார்க்காது, வெப்பமண்டல மீன் இருக்கும் வாளியையே கொடுக்க வேண்டும்.

வேகமான குதிரையை எப்படிக் கண்டுபிடிக்கறது? எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. (மீனாட்சிபுரம்)

ரேக்ளா பார்த்து வளர்ந்த ஊர்க்காரர் இதைக் கேட்கலாமா? நிறத்தில் ஒன்றும் இல்லை, ஓட விட்டுத்தான் பார்க்க வேண்டும். நூறு கட்டம் அளந்து கோடு போடுங்கள். ஃபோனில் ஸ்டாப்வாட்ச். மட்டமான குதிரை இருபது வினாடிக்கு மேல் எடுக்கும், தலைசிறந்தது ஏழு. பத்துக்குள் வருவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உயிர் எவ்வளவு என்பது ஏறி உட்கார்ந்தாலே இதயங்களாகத் தெரியும்.

ஜோடி சேர்க்கத் தங்க ஆப்பிள் அல்லது தங்க கேரட். ஜாவாவில் 1.19.4 என்ற பதிப்புக்கு முன்னால் குட்டியின் திறமையில் மூன்றில் ஒரு பங்கு குலுக்கல் சீட்டு. அதனால் இரண்டு சூரர்களுக்கும் அவர்களைவிட மட்டமானது பிறப்பது சாதாரணம். 2023இல் மாற்றிவிட்டார்கள், இப்போது குட்டி பெற்றோரை ஒட்டியே வருகிறது, சில சமயம் மிஞ்சுகிறது. பழைய பதிப்பை வைத்துக்கொண்டு ரத்தம் சரியில்லை என்று குதிரையைக் குறை சொல்லாதீர்கள்.

கிளிக்குஞ்சு?

கிடையாது. கிளிகள் ஜோடி சேராது. பிஸ்கட் கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், குக்கீ கொடுத்தால் செத்துவிடும்.

இதுல ஆடு இருக்கா? பால் கறக்குமா?

கேட்டது எங்கள் அப்பா, திண்ணைக்குப் பின்னாலிருந்து. இருக்கிறது என்றேன். வாளியை நீட்டினால் பால். உடனே இன்னொரு வாளி நீட்டினால் அதுவும் நிறையும், தீனி வைக்க வேண்டாம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்த ஆடு எந்தச் சந்தையில கிடைக்கும்?" என்றார்.