எல்லாவற்றையும் ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்துவிட்டதாகச் சொல்லும் கணவர், வீட்டில் எதையும் யாரிடமும் விடுவதில்லை. ஒப்புக்கொடுத்தல் என்றால் உண்மையில் என்ன?

தினமும் இரவில் குடும்ப ஜெபம் நடத்துகிறார், ஆனால் மகளின் படிப்பு முதல் அடுப்பங்கரை வரை அவர் வைத்ததுதான் சட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். குமரி மாவட்டத்தில் களியக்காவிளையைச் சுற்றி எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட வீடுகள் ஏராளம். சிலர் ஜெபத்தில்தான் உத்தரவே போடுவார்கள். "ஆண்டவரே, நர்சிங் சேர இந்தப் பிள்ளைக்கு மனதைத் தாரும்" என்று அப்பா உருகுவார். அது யாருக்குப் போகிற விண்ணப்பம் என்று பாயில் முழங்காலிட்டிருக்கும் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். பதில் சொல்லவும் வழியில்லை, ஆமென் சொல்லியாக வேண்டும். (பிடிக்காத வரனை "தேவசித்தம் இல்லை" என்று திருப்பி அனுப்புவதும் இந்த ரகம்தான்.)

சிலுவைப்பாடுகளுக்கு முந்தின இரவில், கெத்செமனே தோட்டத்தில் ஜெபித்த இயேசு தம் விருப்பத்தை மறைக்கவில்லை. இந்தப் பாத்திரம், அதாவது வரப்போகும் பாடு, நீங்கட்டும் என்று நேராகவே கேட்டார். அதன்பிறகுதான் "என் சித்தத்தின்படியல்ல" என்றார். உங்கள் கணவரும் தம் ஆசையை மகளிடம் நேராகச் சொல்லலாம், தவறில்லை. சொன்னபின் விட வேண்டும். அங்கேதான் நம்மவர்களுக்குக் கை வருவதில்லை.

ஆதியாகமம் 13-ஆம் அதிகாரத்தில் ஆபிராம் வயதில் மூத்தவர், தேசத்தையே வாக்குத்தத்தமாகப் பெற்றவர். ஆனாலும் இருவரும் பிரிந்துபோகும்போது, எந்தப் பக்கம் வேண்டும் என்று முதலில் தம் சகோதரன் மகன் லோத்தைத்தான் கேட்டார். அவன் நீர்வளமுள்ள யோர்தான் சமவெளியை எடுத்துக்கொண்டான். என் மாமனார் பாகம் பிரிக்கும்போது இதையே செய்தார். முதலில் எடுக்கும் உரிமையைத் தம்பிக்குக் கொடுத்தார். தம்பி சாலையோரமாக, பால் வெட்டிக்கொண்டிருந்த ரப்பர் மரங்கள் நின்ற விளையை (தோட்டத்தை)க் கேட்டார். மாமனாருக்குக் கிடைத்தது பள்ளத்தில் இருந்த புதுக்கன்றுகள். ரப்பர் கன்று பாலுக்கு வர ஏறக்குறைய 7 ஆண்டு ஆகும். அத்தனை காலமும் அவர் புன்னகையோடு இருந்தார் என்று நினைக்காதீர்கள். பால் வாளியோடு மேடேறும்போது இன்றைக்கும் தம்பியைத் திட்டுகிறார். ஆனால் கொடுத்ததைத் திரும்பக் கேட்டதில்லை, தம்பி வீட்டுக் கல்யாணத்தில் முன்னின்று பந்தி பரிமாறினார். தாழ்மை என்று நான் கண்ணால் கண்டது இதைத்தான்.

கணவரிடம் இரண்டு காரியங்கள் கேட்டுப் பாருங்கள். வாரத்தில் ஒருநாள் ஜெபத்தை மகள் நடத்தட்டும். எபேசியர் 5-ஆம் அதிகாரத்தை 22-ஆம் வசனத்தில் தொடங்காமல் ஒரு வசனம் முன்னதாக, 21-இலிருந்து வாசிக்கட்டும். ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள் என்று அங்கே இருக்கிறது. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற வசனம் அதற்கு அடுத்ததுதான்.

அவர் கை நீட்டுகிறவராக இருந்தால் நான் சொன்னது எதுவும் பொருந்தாது. அதைப் பொறுத்துக்கொள்வது ஒப்புக்கொடுத்தல் ஆகாது. பிறந்த வீட்டாரிடமும் போதகரிடமும் சொல்லுங்கள். அவர்கள் "ஜெபம் பண்ணு" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் காவல் நிலையத்துக்குப் போங்கள்.