பிள்ளையை மேட்சில் இறக்கவே மாட்டேங்கிறார்களா? கால்பந்துப் பெற்றோரின் கேள்விகளும் பதில்களும்

பல ஆண்டுகளாக 7 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித் தருகிறேன். சீசன் பாதியைத் தாண்டியதும் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: பிள்ளைக்கு ஆட நேரம் கிடைப்பதில்லை, நாங்கள் என்ன செய்யலாம்? இந்த முறை வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (9 வயதுப் பையனின் அம்மா): சார், பிராக்டீஸுக்கு ஒரு நாள்கூட தவறாமல் போகிறான். மேட்ச் அன்று கடைசி 10 நிமிடம்தான் இறக்குகிறார்கள். கோச்சிடம் நான் பேசலாமா?

பதில்: தாராளமாகப் பேசலாம். ஆனால் அதற்கு முன் லீக்கின் விதிமுறைகளை ஒரு தடவை வாசித்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகளின் லீக்குகள் பலவற்றில், பதிவு செய்த ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தபட்சம் இவ்வளவு நேரம் தர வேண்டும் என்று எழுத்திலேயே இருக்கும். உதாரணத்துக்கு, அமெரிக்காவில் 1964-இல் தொடங்கிய ஏ.ஒய்.எஸ்.ஓ. என்ற சிறுவர் கால்பந்து அமைப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒவ்வொரு ஆட்டத்திலும் குறைந்தது பாதி நேரம் ஆட வேண்டும். உங்கள் லீக்கிலும் அப்படி ஒரு விதி இருந்தால், அதைச் சொல்லித் தயக்கமில்லாமல் கேட்கலாம்.

வெளியே எடுத்த பிள்ளையை மறுபடி இறக்க முடியாதே என்று சிலர் நினைக்கிறார்கள். பெரியவர்களின் போட்டி ஆட்டத்தில் அப்படித்தான். சிறுவர் ஆட்டத்தில், வெளியே வந்தவர் திரும்ப உள்ளே போவதை அந்தந்த நாட்டுச் சங்கம் அனுமதிக்கலாம் என்று ஆட்ட விதிகளே இடம் கொடுத்திருக்கின்றன. அந்த அனுமதி உள்ள இடத்தில் எல்லோரையும் மாற்றி மாற்றி ஆடவைக்கக் கோச்சுக்குத் தடை எதுவும் கிடையாது.

மேட்ச் நாளன்று பேச வேண்டாம். ஜெயித்தாலும் தோற்றாலும் அன்று அவர் தலை சூடாக இருக்கும், உங்கள் மனசும் கொதிக்கும். மறுநாள் போய், "ஒரு 5 நிமிடம் பேசலாமா?" என்று நேரம் கேளுங்கள். "இவன் எதில் தேறினால் கூடுதல் நேரம் கொடுப்பீர்கள்?" என்று ஆரம்பியுங்கள். மற்ற பிள்ளைகளின் பெயரை எடுக்கவே எடுக்காதீர்கள். எடுத்த கணமே அவர் அந்தப் பிள்ளைக்காக வாதாட ஆரம்பித்துவிடுவார், உங்கள் பையன் பேச்சிலிருந்தே காணாமல் போய்விடுவான்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். 9 வயதில் ஒரு பிள்ளை பாதி ஆட்டத்துக்கும் குறைவாக ஆடுவதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். அந்த வயதில் யார் பிறகு நன்றாக வருவார்கள் என்று எந்தக் கோச்சாலும் சொல்ல முடியாது. பிள்ளையின் காலில் பந்து பட வேண்டும், பட்டால்தான் ஆட்டம் வரும்.

கேள்வி (12 வயதுப் பெண்ணின் அப்பா): நான் பேசுவதா, அவளையே பேசச் சொல்வதா?

பதில்: 12 வயதில் முதலில் அவளே பேசட்டும். பிள்ளை தானாக வந்து கேட்பது ஒரு கோச்சின் மனதில் நிற்கும், எனக்கும் அப்படித்தான். வீட்டில் இரண்டு வாக்கியம் பழகிக்கொள்ளட்டும்: "கோச், எனக்கு இன்னும் அதிக நேரம் ஆடணும். அதுக்கு நான் எதைச் சரிபண்ணணும்?" அவ்வளவு போதும். பிராக்டீஸ் தொடங்குவதற்கு முன் போய்க் கேட்பது நல்லது, அன்றைக்கே அவர் அவளைக் கவனித்துப் பார்ப்பார். 3, 4 வாரம் கழித்து, "நீங்க சொன்னது இப்போ எப்படி இருக்கு?" என்று மறுபடி கேட்கச் சொல்லுங்கள். இந்த இரண்டாவது தடவையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் நீங்கள் போங்கள், அவளையும் கூடவே உட்கார வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கேள்வி (11 வயதுப் பையனின் அப்பா): டீமிலேயே டிரிபிள், அதாவது பந்தைக் காலாலேயே தட்டிக்கொண்டு எதிராளியைக் கடப்பது, நன்றாகச் செய்வது என் பையன்தான். இரண்டு மூன்று பேரைச் சுலபமாகக் கடந்துபோவான். ஆனாலும் உட்கார வைக்கிறார்கள். கோச் அப்படி என்னதான் பார்க்கிறார்?

பதில்: இதற்குக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும். பெற்றோர் பந்தைப் பார்க்கிறார்கள், கோச் பந்து இல்லாத பிள்ளைகளைப் பார்க்கிறார். ஒரு முழு ஆட்டத்தில் ஒரு பிள்ளையிடம் பந்து இருக்கும் நேரத்தைக் கூட்டினால் சில நிமிடங்கள்தான் வரும். மிச்ச நேரமெல்லாம் அவன் என்ன செய்கிறான்?

முதலில், பந்தை இழந்த அடுத்த 5 விநாடி. மூன்று பேரைக் கடந்து நாலாவது ஆளிடம் பந்தைப் பறிகொடுத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நிற்கிறானா, உடனே திரும்பி ஓடுகிறானா? ஓடி வந்து பந்தைப் பறிக்காவிட்டாலும் பரவாயில்லை, எதிராளியின் வழியை மறைத்தாலே போதும். ஒரு பிள்ளையை நம்பிக் கடைசி 10 நிமிடத்தில் களத்தில் விடலாமா என்பதை நான் பெரும்பாலும் இதை வைத்துத்தான் முடிவு செய்வேன்.

அடுத்தது, பந்து வருவதற்கு முன் தலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் நடுக்கள வீரர்களை நார்வே ஆராய்ச்சியாளர் கெய்ர் யோர்டெட் வீடியோவில் ஆராய்ந்திருக்கிறார். பந்து காலுக்கு வருவதற்கு முன் அடிக்கடி சுற்றிப் பார்ப்பவர்கள், கூடுதலான பாஸ்களைச் சரியாகக் கொண்டுசேர்க்கிறார்கள் என்பது தெரியவந்தது. ஃபிராங்க் லம்பார்ட் அதில் முன்னணியில் இருந்தவர். இதைப் பழக மைதானம்கூட வேண்டாம். நீங்கள் பந்தை உருட்டிவிடுங்கள். அது அவனிடம் போய்ச் சேர்வதற்குள் அவனுக்குப் பின்னால் நிற்கும் ஒருவர் விரல்களைக் காட்டட்டும். அவன் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்லிவிட்டுப் பந்தை நிறுத்த வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

மூன்றாவது, டிரிபிள் எங்கே செய்கிறான் என்பது. எதிரணியின் கோலுக்குப் பக்கத்தில் ஒருவரைக் கடந்தால் கோல் வாய்ப்பு. தன் கோலுக்கு முன்னால் அதையே செய்து பந்தை இழந்தால் கோச்சுக்கு நெஞ்சு படபடக்கும். உங்கள் பையனிடம் திறமை இருக்கிறது, அதை அடக்கச் சொல்லாதீர்கள். எங்கே கடப்பது, எங்கே பாஸ் கொடுப்பது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் அவனை வெளியே உட்கார வைப்பது கோச்சுக்குக் கஷ்டம்.

அப்புறம், பெஞ்சில் இருக்கும்போது அவன் என்ன செய்கிறான் என்பதையும் நாங்கள் பார்க்கிறோம். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு புல்லைப் பிடுங்குகிறானா, தன் இடத்தில் ஆடும் எதிராளி எந்தக் காலால் ஆடுகிறான் என்று கவனிக்கிறானா? கவனித்துவிட்டு இறங்குபவன் முதல் நிமிடத்திலிருந்தே ஆட்டத்தில் இருப்பான்.

கேள்வி (10 வயதுப் பெண்ணின் அம்மா): வீட்டில் என்ன பழகலாம்? எங்களுக்கு ஆட்டம் தெரியாது. ஹெடிங் (தலையால் பந்தை அடிப்பது) பழகிக்கொண்டால் கோச் கண்ணில் படுவாள் என்று ஒருவர் சொன்னார்.

பதில்: ஹெடிங் வேண்டவே வேண்டாம். மூளை நலன் கருதி, 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் தலையால் பந்தை அடிக்கக் கூடாது என்று அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு விதித்திருக்கிறது. தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் ஹெடிங் சொல்லித் தர வேண்டாம் என்று இங்கிலாந்தின் சங்கமும் 2020-இல் வழிகாட்டியது.

உங்களுக்கு ஒரு சுவர் போதும். சுவரில் பந்தை அடித்து, திரும்பி வருவதை ஒரே தொடுதலில் அடக்கி, மறுபடி அடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு 15 நிமிடம், அதில் பாதி அவளுக்கு வராத காலால். இரண்டு காலாலும் பந்தை அடக்கத் தெரிந்த பிள்ளையை எந்தப் பக்கமும் நிறுத்தலாம் என்பதால் கோச்சுக்கு அவளை இறக்குவது சுலபம். பந்தின் அளவையும் பாருங்கள். 8 முதல் 12 வயதுக்குப் பொதுவாக 4-ஆம் எண் பந்து. பெரியவர்களின் 5-ஆம் எண் பந்தை வைத்துப் பழகினால் காலுக்குப் பாரம் அதிகம், தொடுதலும் கெட்டுப்போகும்.

த்ரோ-இன்னையும், அதாவது பக்கக் கோட்டைத் தாண்டிப் போன பந்தைக் கையால் உள்ளே எறிவதையும், பழகட்டும். இரண்டு கையாலும், தலைக்குப் பின்னாலிருந்து தலைக்கு மேலாக, இரண்டு பாதமும் தரையில். சின்ன வயது ஆட்டங்களில் இதைத் தவறாகச் செய்து பந்தை எதிரணிக்குக் கொடுப்பது அடிக்கடி நடக்கிறது.

கேள்வி: கோச்சின் சொந்தப் பிள்ளை முழு நேரமும் ஆடுகிறான். இது நியாயமா?

பதில்: நியாயமில்லைதான். ஆனால் அதைச் சொல்லி யாரும் நேரம் வாங்கியதை நான் பார்த்ததில்லை. எல்லோருக்கும் குறைந்தபட்ச நேரம் வேண்டும் என்று, எந்தப் பிள்ளையின் பெயரையும் குறிப்பிடாமல், பெற்றோர் சிலர் சேர்ந்து கிளப்பிடம் கேளுங்கள்.

கேள்வி (13 வயதுப் பையனின் அம்மா): என் மகன் வயதுப் பிரிவில் கடைசி மாதத்தில் பிறந்தவன். டீமிலேயே குள்ளம் அவன்தான். உடம்பு இல்லாததால் ஒதுக்குகிறார்கள் என்று தோன்றுகிறது.

பதில்: உங்களுக்குத் தோன்றுவது சரியாக இருக்கலாம். ஒரே பிரிவில் முதல் மாதம் பிறந்தவனுக்கும் கடைசி மாதம் பிறந்தவனுக்கும் கிட்டத்தட்ட ஒரு வருட வளர்ச்சி வித்தியாசம். தேர்வுகளில் மூத்த மாதப் பிள்ளைகள் அதிகம் எடுக்கப்படுவது பல நாடுகளில், பல விளையாட்டுகளில் ஆய்வாளர்கள் கண்ட விஷயம். ஹாரி கேன் ஜூலைக் கடைசியில் பிறந்தவர், செப்டம்பரில் வயதுக் கணக்கு தொடங்கும் இங்கிலாந்தில் தன் பிரிவின் இளையவர்களில் ஒருவர். அவரைச் சின்ன வயதிலேயே ஆர்சனல் கிளப்பின் பயிற்சி அகாடமி வெளியே அனுப்பிவிட்டது. பின்னாளில் இங்கிலாந்துக்காக அதிக கோல் அடித்தவர் அவர்தான். உயரம் போதாது என்று பிரெஞ்சு கிளப்புகள் திருப்பி அனுப்பிய ஆன்டுவான் கிரீஸ்மன் ஸ்பெயினுக்குப் போய் வளர்ந்து, 2018-இல் பிரான்ஸுக்காக உலகக் கோப்பை வென்றார்.

எல்லாக் குள்ளப் பையன்களும் அப்படி வருவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 13 வயதில் உடம்பை வைத்துச் செய்யும் முடிவு பலமுறை தவறிப்போகிறது, அதனால் அவன் நம்பிக்கையை இழக்கக் கூடாது என்கிறேன். இப்போதைக்கு மோதல் வருவதற்கு முன்பே பந்தைத் தட்டிவிடப் பழகட்டும். ஒன்று, இரண்டு தொடுதலில் ஆடுபவனை யாரும் இடித்துத் தள்ள முடியாது.

கேள்வி (14 வயதுப் பையனின் அப்பா): போன வருடம் முதல் பதினொன்றில் இருந்தான். திடீரென்று உயர்ந்துவிட்டான், ஓட்டமே தடுமாறுகிறது. முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்கிறான், ஆனால் இடம் போய்விடும் என்று கோச்சிடம் சொல்ல மறுக்கிறான்.

பதில்: முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள், கோச்சிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். வேகமாக வளரும் பருவத்தில் முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு வளரும் இடத்தில் வலியும் வீக்கமும் வருவது ஓடியாடும் பிள்ளைகளிடம் அடிக்கடி பார்ப்பதுதான். ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்பார்கள். குதிகாலிலும் இதுபோல வரும். பெரும்பாலும் ஆட்டப் பளுவைக் குறைத்தால் கட்டுக்குள் வரும், வளர்ச்சி முடிந்ததும் போய்விடும். மறைத்து ஆடினால் வலி இழுத்துக்கொண்டே போகும். தடுமாற்றமும் இந்த வயதில் இயல்பு. பையன்கள் மிக வேகமாக உயர்வது சுமார் 14 வயதில், பெண் பிள்ளைகள் சுமார் 12 வயதில். புதுக் கால் நீளத்துக்கு உடம்பு பழகச் சில மாதம் பிடிக்கும்.

கேள்வி: ஃபார்வர்டாக ஆட ஆசைப்படுகிறாள். கோச் டிஃபென்ஸில் நிற்கச் சொல்கிறார். மறுத்துவிடலாமா?

பதில்: மறுக்க வேண்டாம். டீமில் முன்னால் ஆட ஆசைப்படும் பிள்ளைகள்தான் அதிகம், பின்னால் நிற்க ஆள் குறைவு. இடது காலால் ஆடுபவளாக இருந்தால் இடது பக்கத்தில் போட்டியே இருக்காது. அங்கே நிறைய நேரம் ஆடி நம்பிக்கையைப் பெற்றுவிட்டு, பிறகு முன்னால் ஆட வாய்ப்புக் கேட்கட்டும். ஆனால் 10 வயதுப் பிள்ளையை ஒரு சீசன் முழுக்க ஒரே இடத்தில் கட்டிப்போட்டால், கோல்கீப்பராகவே இருந்தாலும், நீங்கள் கேள்வி கேட்பதில் தப்பில்லை.

கேள்வி (12 வயதுப் பையனின் அம்மா): ஏ டீமில் பெஞ்சா, பி டீமில் முழு ஆட்டமா?

பதில்: பி டீம். யோசிக்கவே வேண்டாம்.

கேள்வி (8 வயதுப் பையனின் அப்பா): கோட்டுக்கு வெளியே நின்று "பாஸ் கொடு, ஓடு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். உதவிதானே?

பதில்: நிறுத்திவிடுங்கள். கோச் ஒன்று சொல்வார், நீங்கள் இன்னொன்று சொல்வீர்கள், பிள்ளை நடுவில் நின்று உங்கள் முகத்தைப் பார்ப்பான். அந்த நேரத்தில் பந்து போய்விடும். கை தட்டுங்கள், அது அவனுக்குக் கேட்க வேண்டும். வீட்டுக்குப் போகும் வழியில் ஆட்டத்தைப் பற்றி நீங்களாக எடுக்காதீர்கள், அவன் எடுத்தால் பேசுங்கள்.

கேள்வி (10 வயதுப் பெண்ணின் அம்மா): நான்தான் நேரம் போதவில்லை என்று தவிக்கிறேன். அவளோ, "இறக்காம இருந்தா நல்லாத்தான் இருக்கு" என்கிறாள். என்ன அர்த்தம்?

பதில்: அவளிடம் இன்னொரு முறை, பேச்சுவாக்கில் கேளுங்கள். தப்பு செய்தால் யாராவது திட்டுகிறார்களா, டீமில் யாராவது கேலி செய்கிறார்களா, பந்து மேலே பட்டு வலித்ததா என்று. பயம் என்றால் அதைக் கோச்சிடம் சொல்லுங்கள். டீம் முன்னிலையில் இருக்கும்போது 5 நிமிடம், அப்புறம் 10 என்று அவர் சிறிது சிறிதாக இறக்கலாம். அவளே வந்து "இன்னும் கொஞ்ச நேரம்" என்று கேட்கும்வரை நீங்கள் அவளுக்காக நேரம் கேட்டு நிற்க வேண்டாம். தோழிகளோடு பிராக்டீஸுக்குப் போவதுதான் அவளுக்குப் பிடித்திருக்கிறது என்றால் இந்த சீசன் அப்படியே போகட்டும்.