கல்லணையில் நகர்ந்த படிக்கட்டு: புலன்களும் மூளையும் குறித்த கேள்வி பதில்

தஞ்சாவூரில் உடலியங்கியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வாசகர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

திருக்காட்டுப்பள்ளி வாசகர்: ஆடிப்பெருக்கன்று கல்லணைப் பாலத்தில் நின்று, மதகுகளிலிருந்து பாய்ந்தோடும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கரையைப் பார்த்தால், படிக்கட்டு என்னை நோக்கி நகர்ந்து வருவதுபோல் இருந்தது. கண் மருத்துவரிடம் காட்ட வேண்டுமா ஐயா?

பதில்: வேண்டாம். பழுதில்லாத மூளைக்கு அப்படித்தான் தோன்றும். 1834ஆம் ஆண்டில் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர், ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறைக்குப் பார்வையைத் திருப்பியபோது, அது மேலே ஏறுவதுபோல் தோன்றியதைப் பதிவு செய்தார். அதனால் இதை அருவி மாயை என்பார்கள். மூளையின் காட்சிப் பகுதியில் ஒவ்வொரு திசையின் அசைவுக்கும் உரிய நரம்பணுக்கள் உண்டு. அசையாத பொருளைப் பார்க்கும்போது எதிரெதிர்த் திசை அணுக்கள் ஏறக்குறைய சமமாக இயங்குவதால், தராசு முள்போல முடிவு நடுவில் நிற்கிறது. ஓடும் தண்ணீரை ஒரு நிமிடம் பார்த்தால், அத்திசைக்குரிய அணுக்கள் தளர்ந்துபோகின்றன. கரைக்குப் பார்வை திரும்பியதும் மறுதட்டு தாழ்ந்து, கல்லே எதிர்த்திசையில் நகர்வதாக மூளை கொள்கிறது. படி நகர்கிறது, ஆனால் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்பதைக் கவனித்தீர்களா? அசைவையும் இடத்தையும் மூளை வெவ்வேறு வழிகளில் கணிப்பதால் வரும் முரண் அது.

அடுத்த முறை இடக்கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரைப் பாருங்கள். பிறகு வலக்கண்ணை மூடி, இடக்கண்ணால் கரையைப் பாருங்கள். தண்ணீரையே காணாத அந்தக் கண்ணுக்கும், சற்றுக் குறைவாகவேனும், படி நகரும். ஆகவே இருகண் செய்தியும் ஒன்றுகலக்கும் புறணியிலும், அதாவது மூளையின் வெளியடுக்கிலும், அந்தத் தளர்ச்சி நிகழ்ந்திருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள்.

கும்பகோணம் வாசகி: தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் காளையும் யானையும் ஒரே தலையைப் பகிரும் சிற்பத்தில், இரண்டு தலைகளையும் ஒருசேரக் காண முடியவில்லையே, ஏன்?

பதில்: கல்லும் மாறவில்லை, கண்ணில் விழும் பிம்பமும் மாறவில்லை, மாறுவது மூளையின் விளக்கம் மட்டுமே. ஒரே வளைவுக்கு இரண்டு பொருள் கிடைக்கும்போது, மூளை இரண்டையும் கலக்காமல் ஒன்றைத் தேர்ந்து, சிறிது நேரத்தில் மற்றதற்குத் தாவுகிறது. காளையின் உடலை உள்ளங்கையால் மறைத்தால் யானை உறுதியாக நிற்கும். 1832இல் நெக்கர் என்ற சுவிஸ் அறிஞர் படிகத்தின் கோட்டுப்படத்தில் கண்டு எழுதிய ஊசலாட்டமும் இதுவே. 12ஆம் நூற்றாண்டுச் சோழச் சிற்பி அதை முன்பே கல்லில் வடித்துவிட்டார் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஊர்ப்பெருமையும் உண்டு.

நன்னிலம் வாசகர்: சளி பிடித்தால் டிகிரி காபி ஏன் வெறும் கசப்பாக இருக்கிறது?

பதில்: கசப்பும் இனிப்பும் நாக்கின் வேலை, காபியின் மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறியாக வேண்டும், அந்த வழிதான் அடைபட்டிருக்கிறது. மூக்கு உணர்ந்ததையும் வாயில் நிகழ்வதாகவே மூளை வைத்துக் காட்டுவதால், குற்றம் நாக்கின் தலையில் விழுகிறது.

மன்னார்குடி வாசகி: பௌர்ணமியன்று வயல்வெளிக்கு அப்பால் எழும் நிலா ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது? காற்று உருப்பெருக்கிக் காட்டுகிறது என்கிறார் என் மாமனார்.

பதில்: காற்று பெரிதாக்குவதில்லை. எழும்போதும் உச்சியிலும் நிலா நம் கண்ணில் ஏறக்குறைய அரை பாகை அகலமே பிடிக்கிறது. கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரலே அதை மறைத்துவிடும். சொல்லப்போனால் அடிவானத்து நிலா உச்சி நிலாவைவிட நமக்குச் சற்றுக் கூடுதல் தொலைவில்தான் இருக்கிறது. வயலும் வரப்பும் தென்னை வரிசையும் தொலைவை உணர்த்த, அவ்வளவு தூரத்தில் இருந்தும் இவ்வளவு தெரிகிறதென்றால் பெரிய பொருளாகத்தான் இருக்கும் என்று மூளை கணக்கிடுவதாக ஒரு விளக்கம் உண்டு. அறிஞர்களிடையே இதில் இன்னும் முழு உடன்பாடு இல்லை. குனிந்து கால்களுக்கு இடையே தலைகீழாகப் பார்த்தால் பலருக்கு நிலா சிறுத்துவிடுகிறது. மாமனாரையும் அழைத்துக்கொண்டு, வரப்பில் ஆள் நடமாட்டம் இல்லாத வேளையில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.