காந்தம் பிடிக்கும், பாலிமர் கரையும்: மருந்துத் துகள்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: ஊசியில் போட்ட மருந்தை வெளியிலிருந்து காந்தம் காட்டி ஓரிடத்தில் நிறுத்தலாம் என்று படித்தேன். காந்தத்தை எடுத்தால் மருந்து வெளியே வந்துவிடுமா?

பதில்: வராது. இங்கே பிடித்துவைப்பது ஒன்று, மருந்தை விடுவது இன்னொன்று. துகளுக்குள் இருக்கும் இரும்பு ஆக்சைடு, காந்தம் இருக்கும் பக்கம் துகளை இழுத்து நிறுத்தும். மருந்தை விடுவது அதைச் சுற்றியுள்ள பாலிமர், அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பொருள். அது நீரில் சிதையச் சிதைய மருந்து கசியும், காந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். (மாறுதிசைக் காந்தப்புலத்தால் துகளைச் சூடாக்கி அந்தக் கசிவை வேகப்படுத்தும் முறையும் உண்டு.) துகள் போய்ச் சேரும் முன்பே பாலிமர் மருந்தைக் கொட்டிவிட்டால் எவ்வளவு வலுவான காந்தமும் உதவாது. இந்தத் துறையில் எதைப் படித்தாலும் இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துப் பாருங்கள், குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

கேள்வி: துகள்கள் குட்டிக் காந்தங்கள் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ரத்தக் குழாயை அடைக்காதா?

பதில்: நியாயமான பயம். மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடின் படிகத்தைச் சுமார் 10 நானோமீட்டருக்குச் சிறிதாக்கினால், வெளிக்காந்தம் இருக்கும் வரைதான் அது காந்தமாக நடந்துகொள்ளும். எடுத்ததும் அந்தக் குணம் போய்விடும். சூப்பர்பாராமேக்னடிக் என்று சொல்வது இதைத்தான். அதனால் பெரிய இரும்புத் துகள் ஒன்றை வைக்காமல், இப்படிப்பட்ட நுண்படிகங்கள் பலவற்றை ஒரே பாலிமர் உருண்டைக்குள் அடைக்கிறோம்.

உண்மையான இழுபறி உருண்டையின் அளவில்தான். இரும்பின் விகிதம் மாறாமல் ஆரத்தை 2 மடங்காக்கினால் இழுவிசை 8 மடங்காகும், திரவம் தரும் தடை 2 மடங்குதான். ஆக, காந்தத்தை நோக்கி நகரும் வேகம் 4 மடங்கு கூடும். அப்படியானால் பெரிதாகவே செய்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் தந்துகிகள் எனப்படும் மிக மெல்லிய ரத்தக் குழாய்களின் அகலமே 5 முதல் 10 மைக்ரோமீட்டர். அதைவிடச் சிறிதாக இருந்தாலும், 200 நானோமீட்டரைத் தாண்டினால் மண்ணீரலும் கல்லீரலும் சீக்கிரமே வடிகட்டிவிடும். ரொம்பச் சிறிதாக்கினால் ஓடும் ரத்தத்திலிருந்து காந்தத்தால் அதை இழுக்க முடியாது. நான் இதில் வேலை பார்த்த காலத்தில் பாதி நாள் இந்த ஒரே கேள்வியோடுதான் போனது.

கேள்வி: பாலிமர் என்றால் பிளாஸ்டிக்தானே? உடம்புக்குள் அது என்ன ஆகும்?

பதில்: அதிகம் பயன்படுவது பிஎல்ஜிஏ. லாக்டிக் அமிலமும் கிளைக்காலிக் அமிலமும் கோத்த சங்கிலி அது. தண்ணீர் அந்தக் கோவையை அறுக்கும், பிரிந்த அமிலங்களை உடம்பு கடைசியில் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாற்றிவிடும். கரையும் தையல் நூல்களும் இதே குடும்பம்தான். காந்தம் இல்லாத பிஎல்ஜிஏ மருந்து உருண்டைகள் 1989-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டன, மாதம் ஒரு ஊசியாகப் போடும் லூப்ரோலைடு என்ற ஹார்மோன் மருந்தின் வடிவில். இரண்டு அமிலமும் பாதிக்குப் பாதி இருந்தால் வேகமாகச் சிதையும், லாக்டிக் கூடினால் மெதுவாகும். இப்படித்தான் வாரக்கணக்கா மாதக்கணக்கா என்று நாம் தீர்மானிக்கிறோம்.

கேள்வி: அந்த இரும்பு நஞ்சாகாதா?

பதில்: பெரியவர் ஒருவரின் உடம்பில் ஏற்கெனவே 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. ஃபெருமாக்சிட்டால் என்ற இரும்பு ஆக்சைடு நானோ மருந்தை, சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கு 2009-இல் அமெரிக்கா அனுமதித்தது. அதில் ஒரு வேளைக்கு 510 மில்லிகிராம் இரும்பு போகிறது. ஆனால் உபரி இரும்பை வெளியேற்ற உடம்பில் தனி வழி கிடையாது. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்கள் போல ஏற்கெனவே இரும்பு தேங்கியவர்களுக்கு இது சரிப்படாது.

கேள்வி: அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். இந்தச் சிகிச்சை எங்கே கிடைக்கும்? எவ்வளவு தூரமானாலும் அழைத்துப் போகத் தயார்.

பதில்: உங்கள் தவிப்பு புரிகிறது, அதனால்தான் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். மருத்துவமனைகளில் வழக்கமான சிகிச்சையாக இது இன்னும் வரவில்லை. ஜெர்மனியில் லூப்பே என்ற ஆய்வாளரின் குழு, எபிரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து ஏற்றிய காந்தத் திரவத்தை 14 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1996-இல் முடிவுகளை வெளியிட்டது. அதன் பிறகும் இது பரவாமல் போனதற்கு முக்கியக் காரணம் ஆழம். காந்தப்புலம் எவ்வளவு வலுவானது என்பது மட்டும் போதாது, தூரத்துக்குத் தூரம் அது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதுதான் துகளை இழுக்கும். காந்தத்திலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளிப் போனாலே அந்த இழுப்பு விழுந்துவிடும். கணையமோ வயிற்றுக்குள் ஆழமாக இருக்கும் உறுப்பு.

ஐரோப்பாவில் 2010-இல் அனுமதி பெற்ற ஒரு இரும்பு ஆக்சைடு முறையைப் பற்றியும் படித்திருப்பீர்கள். அது மூளைக் கட்டிக்குள் நேராகச் செலுத்திச் சூடாக்கும் முறை, மருந்து சுமப்பதல்ல. காந்த சிகிச்சை என்று யாராவது பணம் கேட்டால் முதலில் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை எதற்காகவும் நிறுத்த வேண்டாம். மருந்து ஆய்வுகளில் சேர வழி இருக்கிறதா என்றும் அவரிடமே கேளுங்கள்.

கேள்வி: முதுகலை மாணவி நான். என் உருண்டைகள் முதல் நாளிலேயே பாதி மருந்தை விட்டுவிடுகின்றன. என்ன தவறு?

பதில்: மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் மருந்துதான் பெரும்பாலும் முதலில் கொட்டும். நன்றாகக் கழுவிப் பாருங்கள். மருந்து நீரில் கரைவதென்றால் சாதாரண எண்ணெய்-நீர் குழம்பில் (எமல்ஷன்) அது வெளியே ஓடிவிடும், மருந்து கரைந்த நீரை எண்ணெய்க்குள்ளும் அதை மறுபடி நீருக்குள்ளும் கலக்கும் இரட்டைக் குழம்பு முறைக்கு மாறுங்கள். மேக்னடைட்டுக்கு ஒலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தால் பூச்சு கொடுத்தீர்களா? கொடுக்காவிட்டால் அது பாலிமருக்குள் நிற்காமல் ஓரத்துக்கு வந்து துளை போட்டுவிடும்.

அப்புறம் ஒன்று. குழாயின் பக்கத்தில் காந்தம் வைத்து, மிதந்தபடி நிற்பதை வடித்துவிடுங்கள். அவை இரும்பே இல்லாத உருண்டைகள். நான் முதல் வருடம் அதைச் செய்யாமல் இரண்டு மாத அளவீடுகளைத் தூக்கிப்போட வேண்டியிருந்தது.

கேள்வி: கிருமி நீக்கம் எப்படி? ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலத்தில்) வைக்கலாமா?

பதில்: கூடாது. அந்தச் சூட்டிலும் நீராவியிலும் பிஎல்ஜிஏ உருகிச் சிதைந்துவிடும். காமா கதிர் பயன்படுத்தலாம், ஆனால் அதுவும் சங்கிலிகளை நறுக்கிச் சிதைவை வேகப்படுத்தும். அதனால் மருந்து வெளியேறும் சோதனையைக் கதிர் காட்டிய பிறகு எடுத்த உருண்டைகளில் செய்யுங்கள்.