கஞ்சி ஊத்த யாரு இருக்கா?

கேள்வி: கல்யாணமாகி ஆறு வருஷம். பிள்ளை வேண்டாம் என்று நானும் அவரும் பேசி முடிவெடுத்துவிட்டோம். கோயில் கொடைக்குப் போனால்கூட, "இன்னும் விசேஷம் இல்லையா?"தான். மாமியாரோ, "கடைசி காலத்துல கஞ்சி ஊத்த யாருட்டி இருக்கா?" என்று அழுகிறார்கள். என்ன சொல்வது அம்மா?
– வாசகி, வண்ணார்பேட்டை

பதில்: விசேஷம் கேட்கிறவங்ககிட்ட, "இருந்தா சொல்லி அனுப்புதேன்"னுட்டு நகர்ந்துருங்க. கஞ்சிக்கு மட்டும் கொஞ்சம் விரிவாச் சொல்லணும்.

வருவாய்த் துறையில இருந்தப்ப, 2007-ஆம் வருஷப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்துல வந்த மனுக்களை வாங்கியிருக்கேன். என் மேசைக்கு வந்ததெல்லாம் பிள்ளை பெத்தவங்க மனுதான். அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெரியவர் ஒருத்தர், மூணு ஆம்பளைப் பிள்ளைக. வீட்டை மூத்தவன் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிட்டு, அதே வீட்டுத் திண்ணையில கிடந்தார். மனுவைக் கொடுத்துட்டு எங்கிட்டக் குனிஞ்சு, "நோட்டீஸை வீட்டுக்கு அனுப்பாதீங்கம்மா, மருமக முன்னாடி அவனுக்கு அசிங்கமாயிரும்"னார். எனக்கு ஆத்திரமா வந்துது. யார் மேலன்னுதான் தெரியலை.

பிள்ளை இல்லாதவங்களையும் அந்தச் சட்டம் கைவிடலை. 60 வயசாகி, சொந்த வருமானத்துல பிழைக்க முடியலைன்னா, அவங்க சொத்தை வச்சிருக்கிற அல்லது வாரிசா அடையப்போற உறவுக்காரங்ககிட்டப் பராமரிப்புச் செலவு கேட்கலாம். காத்துக்கிட்டு இருக்கிற சொக்காரங்க பல பேருக்கு இது தெரியாது! பின்னாடி யாருக்காவது வீட்டை எழுதி வச்சா, கவனிச்சுக்கிடணும்ங்கிற நிபந்தனையைப் பத்திரத்துலயே போடுங்க. கவனிக்கலைன்னா 23-ஆம் பிரிவுல ரத்து கேட்க அதுதான் பிடி.

மாமியார் அழுகையில பாதி அவங்க கடைசி காலத்தை நெனைச்சுன்னு எனக்குப் படுது. "உங்களுக்கு நாங்க இருக்கோம் அத்தை"ன்னு ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்களேன்.

கேள்வி: நான் ஒரே பெண். அம்மாவுக்கு மாதம் 4,000 ரூபாய் அனுப்புகிறேன். "கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு என்ன கடமை?" என்கிறார்கள் புகுந்த வீட்டில். வந்து இருங்கள் என்றால் அம்மாவோ, "பொண்ணு வீட்டுல கை நனைக்க மாட்டேன்" என்கிறாள்.
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: கட்டிக்கொடுத்த மகளுக்கும் பெத்தவங்களைக் காப்பாத்துற பொறுப்பு உண்டுன்னு 1987-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிட்டு. மேல சொன்ன சட்டத்துலயும் பிள்ளைங்கன்னா மகளும் சேர்த்திதான். தமிழ்நாட்டுல 1989-லயே பொண்ணுக்குப் பூர்வீகச் சொத்துல சமபங்கு கொடுத்தாச்சு. பங்கு வரும்போது "அவ அடுத்த வீட்டுக்காரி"ன்னு உங்க புகுந்த வீட்டுல சொல்லுவாங்களா? பணத்தை நிறுத்தாதீங்க.

அம்மாவோட வழக்காட வேண்டாம். அரிசியைக் கட்டிக்கிட்டு வரட்டும், விட்டுருங்க. என் அம்மாவும் கடைசி வரைக்கும் ரெண்டு படி இட்லி அரிசியோடதான் என் வீட்டுப் படி ஏறினா.