வாசகர் கேள்வி: பிராண்டு கேட்கும் பின்னல் துணி

அவினாசியிலிருந்து ஒரு வாசகர்: 12 நிட்டிங் எந்திரங்கள் வைத்து, திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் தரும் நூலைக் கூலிக்குப் பின்னிக் கொடுத்து வருகிறேன். வெளிநாட்டு பிராண்டுகளுக்கு நேரடியாகத் துணி விற்க வழி உண்டா?

பிராண்டுகள் பெரும்பாலும் துணியாக வாங்குவதில்லை. தைத்து முடித்த ஆடையைத்தான் வாங்குகின்றன. துணிக்குப் பணம் தருபவர் ஆடை ஏற்றுமதியாளரே. ஆனால் எந்த ஆலையின் துணியில் தைக்க வேண்டும் என்பதைப் பல பிராண்டுகள் தாமே குறித்துக் கொடுத்துவிடுகின்றன. அந்தப் பட்டியலில் உள்ள ஆலையை ‘நாமினேட்டட் மில்’ என்பார்கள். ஆகவே தரத்தைப் பிராண்டிடமும், விலையையும் தேதியையும் ஏற்றுமதியாளரிடமும் என்று நீங்கள் இரண்டு இடங்களில் ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும். இலங்கையில் அவிசாவளையில் இயங்கும் டீஜே நிறுவனத்தின் தொழிலே இதுதான். பின்னி, சாயமேற்றி, முடித்த துணியாகவே ஆடைத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறது.

திருப்பூரில் நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், துணி பிறகு சுருங்காதபடி அழுத்தி முடிக்கும் காம்பாக்டிங் வேறோரிடம் என்று துணி பல வாசல் ஏறி இறங்குகிறது. இந்த ஏற்பாட்டில் முதலீடும் குறைவு, அவசர ஆர்டருக்கு வளைந்தும் கொடுக்கலாம். குறை வந்தால்தான் சிக்கல். 30 அங்குல டயாவும் (விட்டம்) 24 கேஜும் (அங்குலத்துக்கு 24 ஊசி) கொண்ட எந்திரத்தில் சுமார் 2,260 ஊசிகள் இருக்கும். அவற்றில் ஒரே ஒரு ஊசியின் லாட்ச் (கொக்கியை மூடித் திறக்கும் நாக்கு) பழுதானாலும் ரோல் முழுவதும் நெடுக ஒரு கோடு விழும். சாயமேறாத கோராத் துணியில் அது கண்ணுக்குத் தப்பிவிடும். அடர்நீலச் சாயம் ஏறிய பிறகு பளிச்சென்று தெரியும். அப்போது நிட்டிங்காரர் சாயப்பட்டறையைக் கை காட்டுவார், பட்டறைக்காரர் நூலைக் கை காட்டுவார். இப்படிக் கை காட்டாமல் பொறுப்பேற்கும் ஒருவரைத்தான் பிராண்டு தேடுகிறது. எனவே எந்த ரோல் எந்த எந்திரத்தில், எந்த நூல் லாட்டில், என்ன லூப் லென்த்தில் (ஒரு கண்ணிக்குச் செல்லும் நூலின் நீளம்) ஓடியது என்ற பதிவேட்டை நாளைக்கே தொடங்கிவிடுங்கள். ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) பார்க்க உதவும் கட்டர் ஒன்றும் துல்லியமான தராசு ஒன்றும் அவசியம். கட்டர் வெட்டித் தரும் வட்டத்தின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். அதன் எடை 1.6 கிராம் என்றால் துணி 160 ஜிஎஸ்எம்.

இதைவிடக் கடினமான கேள்வி சாயத்தைப் பற்றியது. புற்றுநோய் விளைவிக்கக்கூடிய அமைன்களை வெளிவிடும் அசோ சாயங்களுக்கு ஜெர்மனி 1994-லேயே தடை விதித்தது; பிறகு ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அது சட்டமானது. பருத்திக்கு ஏற்றும் ரியாக்டிவ் சாயம் நிறைய உப்புக் கேட்கும். அந்த உப்பெல்லாம் நொய்யலில் கலந்த கதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்ட கதையும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ முறைக்கு மாறி, கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் பட்டறைகள் இன்று உள்ளன. அத்தகைய பட்டறை ஒன்றுடன் எழுத்துபூர்வமாக ஒப்பந்தம் செய்துகொண்டு, சொந்தப் பணத்தில் நூல் வாங்கி, பழக்கமான ஒரே ஓர் ஏற்றுமதியாளருக்கு முடித்த துணியாக விற்றுப் பாருங்கள். 12 எந்திரங்களை நம்பிக் கடன் வாங்கிச் சொந்தச் சாயப்பட்டறை போடும் யோசனை இருந்தால், இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. நூல் விலை ஏறி இறங்கும் அடியைத் தாங்கவே உங்கள் கைமுதல் சரியாக இருக்கும்.

கோவையிலிருந்து ஒரு வாசகி: நல்ல விலை கொடுத்து வாங்கிய டி-ஷர்ட், நாலு சலவையில் முறுக்கிக்கொண்டு பக்கத் தையல் வயிற்றுக்கு வந்துவிடுகிறது. இது தையல்காரரின் தவறா?

தையல்காரரைத் திட்டாதீர்கள். டி-ஷர்ட்டுக்குப் பயன்படும் சிங்கிள் ஜெர்சி என்ற பின்னல் துணியில் இது பிறவிக் குணம். நூலில் ஏற்றிய முறுக்கு அவிழப் பார்க்கும்போது, கண்ணிகளையும் ஒரு பக்கமாகச் சாய்த்துவிடுகிறது. தண்ணீர் பட்டதும் அது வெளிப்படுகிறது. எந்திரத்தின் பங்கும் உண்டு. 90 ஃபீடர் (நூல் ஊட்டும் முனை) உள்ள எந்திரம் ஒரு சுற்றுக்கு 90 வரிசை பின்னும். சென்டிமீட்டருக்கு 20 வரிசை என்று கொண்டால், ஒரு சுற்று முடிவதற்குள் வரிசை நாலரை சென்டிமீட்டர் ஏறிவிடுகிறது. குழாய்த் துணியைப் பிளந்து விரித்து, ஸ்டென்டரில் (துணியை விளிம்பில் பிடித்து இழுத்து உலர்த்தும் எந்திரம்) நேராக்கினால் இந்த இரண்டாவது சாய்வு மட்டுப்படும். நூலின் குணத்தை மாற்ற, முறுக்கு குறைந்த நூலையோ, வலமுறுக்கு நூலையும் இடமுறுக்கு நூலையும் மாற்றி மாற்றியோ ஓட்ட வேண்டும், செலவு கூடும். கடையில் சோதிக்க விரும்பினால், பக்கத் தையலை ஒட்டி மேலிருந்து கீழாக ஓடும் கண்ணிக் கோட்டைக் கூர்ந்து பாருங்கள். தையல் நேராக இருக்க, கண்ணிகள் அதைச் சாய்வாகக் குறுக்கிட்டால், அந்த ஆடை சலவையில் திரும்ப வாய்ப்பு அதிகம்.

கரூரிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் நிறத்தை, பையர் ‘லேப் டிப்’பிலேயே (ஒப்புதலுக்கு அனுப்பும் சாய மாதிரி) நிராகரிக்கிறார். ஏன்?

நீங்கள் ஜன்னலோரம் வைத்துப் பார்த்திருப்பீர்கள். பையர் லைட் பாக்ஸ் என்ற விளக்குப் பெட்டியில், பகல் வெளிச்சத்துக்கு ஈடான டி65 விளக்கிலும், ஐரோப்பியக் கடைகளின் குழல்விளக்கை ஒத்த டிஎல்84 விளக்கிலும் பார்க்கிறார். வெவ்வேறு சாயங்களைக் கலந்து எட்டிய ஒரே நிறம், ஒரு விளக்கில் ஒத்துப்போய் மறு விளக்கில் பிரிந்து நிற்கும். முதன்மை விளக்கு எது என்று ஆர்டர் பேசும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, அதன் பிறகு சாயக் கலவையைத் தீர்மானியுங்கள்.